ஆள் இருக்கும் வீட்டுக்கு மல்லி, பூட்டிய வீட்டுக்கு? செட்டிநாட்டுக் கொல்லையில் ஐந்து பூச்செடிகள்

சித்திரையில் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டதும் எங்கள் ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். ஒட்டடை அடித்து, ஆத்தங்குடிப் பூக்கல் தரையைக் கழுவி விட்டுவிட்டு எல்லோரும் கடைசியாகக் கொல்லைக் கதவைத் திறந்து பார்ப்பார்கள். அங்கே ஆளுயரத்துக்குச் சீமைக் கருவேலம் நிற்கும். அதை வெட்டி எடுத்ததும் கண்ணுக்கு வெறிச்சென்று ஆகிவிடும். "நாலு பூச்செடி வைக்கலாமே" என்ற பேச்சு அன்றைக்கே தொடங்கும்.

போன வருடம் பங்காளி வீட்டுத் தங்கச்சி ஒருத்தி சென்னையிலிருந்து வந்திருந்தாள். எங்கள் பக்கம் அக்காவை ஆச்சி என்போம். நேராக என்னிடம் வந்து, "ஆச்சி, கொல்லையில மல்லி வைக்கவா, அரளி வைக்கவா? செம்பருத்தியும் ஆசையா இருக்கு" என்றாள்.

"வருஷத்துல நீ எத்தனை நாள் இங்கே இருப்பே, ஆத்தா?" என்று கேட்டேன்.

"அதுக்கும் செடிக்கும் என்ன ஆச்சி?"

அதற்கும் செடிக்கும்தான் எல்லாம் இருக்கிறது. நர்சரிக்காரர் சொல்லும் கணக்கு வேறு: வெயில், உரம், தண்ணீர். அவையும் வேண்டும்தான். ஆனால் செட்டிநாட்டு வீட்டுக்குப் பூச்செடி தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, அந்தப் பூவைப் பறிக்க வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்பதை. இருபத்தைந்து வருடமாக இந்தக் கொல்லையில் மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கிறேன். குண்டுமல்லி, செம்பருத்தி, அரளி, நந்தியாவட்டை, இட்லிப்பூ ஐந்தையும் வைத்து வளர்த்திருக்கிறேன், சிலவற்றைச் சாகவும் விட்டிருக்கிறேன். ஒருமுறை வைத்தால் பல வருடம் நின்று பூக்கும் செடிகள் இவை. அதனால் இடம் தப்பினாலும் ஆள் தப்பினாலும் அந்தத் தப்பு பல வருடம் கூடவே இருக்கும்.

நம் மண்

குழி தோண்ட வருகிற அண்ணன் கடப்பாரையை ஓங்கிப் போட்டால் முதல் ஒரு அடிக்குச் செம்மண் பொலபொலவென்று வரும். அதற்குக் கீழே ணங்கென்று சத்தம் கேட்கும். செம்புறாங்கல். காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று எந்தப் பக்கம் போனாலும் ஏறக்குறைய இதே கதைதான். இந்த மண்ணில் இரும்பு நிறைய உண்டு, அதனால்தான் இந்தச் சிவப்பு. ஆனால் சத்து குறைவு, ஈரத்தைப் பிடித்து வைக்காது. மேலே ஊற்றிய தண்ணீர் சரளைக்குள் சரசரவென்று இறங்கிவிடும். கீழே கல் தட்டையாக இருந்துவிட்டால் நேர்மாறாக ஆகும்: ஐப்பசி மழையில் குழி கிணறு மாதிரி நிறைந்து வேர் அழுகும்.

ஆகவே எந்தச் செடியாக இருந்தாலும் குழி தோண்டி முடித்ததும் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டுக் காத்திருந்து பாருங்கள். ஒரு மணி நேரத்தில் வடிந்துவிட்டால் நல்ல இடம். மறுநாள் காலையிலும் நின்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள், அல்லது கல்லைக் கடப்பாரையால் உடைத்துத் துளை போடுங்கள்.

மழை வருடத்துக்கு ஏறத்தாழ 900 மில்லிமீட்டர். அதில் பாதிக்குக் கிட்ட ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் கொட்டிவிடும். மாசியிலிருந்து ஆனி வரைக்கும் செடி குடிப்பது நம் கைத் தண்ணீரைத்தான். அந்தக் கைத் தண்ணீரும் பல வீடுகளில் உப்புப் பூத்த போர்த் தண்ணீர். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு செடிகளைப் பார்ப்போம்.

குண்டுமல்லி: கூடவே இருக்கச் சொல்லும் செடி

மனதில் முதல் இடம் மல்லிக்குத்தான், மறைக்க ஒன்றுமில்லை. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அது ஊருக்கே தெரியும். ஆனால் மதுரைப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் பதியன் நாற்று போவது ராமேஸ்வரம் போகிற வழியில் இருக்கும் தங்கச்சிமடத்துப் பக்கமிருந்து. நம்மூர் நர்சரிகளில் 'ராமநாதபுரம் குண்டுமல்லி' என்று கேட்டு வாங்கினால் போதும்.

நட்டு விட்டால் பன்னிரண்டு, பதினைந்து வருடம் பூக்கும். ஒன்றரை அடிக்குக் குழி, செடிக்குச் செடி நாலடி இடைவெளி, முழு வெயில். இதெல்லாம் எளிது. கஷ்டம் கார்த்திகையில் வரும். நவம்பர் கடைசி வாரத்தில் செடியைத் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. இதைச் செய்ய மனசு வராது. தளதளவென்று நிற்கிற செடியை மொட்டையடிக்க யாருக்குத்தான் கை வரும்? நானும் முதல் மூன்று வருடம் வெட்டாமல் விட்டேன். செடி கொடி மாதிரி நீண்டு மதில் மேல் ஏறியது, பூ மட்டும் எண்ணி எடுக்கும்படி இருந்தது. மல்லி புதுத் துளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். வெட்டினால்தான் துளிர் வரும், துளிர் வந்தால்தான் பூ. வெட்டிய கையோடு செடிக்குப் பத்துக் கிலோ மக்கிய சாணி எரு வைத்து மண்ணணைத்தால் மாசிக் கடைசியில் மொட்டு தலைகாட்டும். பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் திருவிழாதான்.

அந்த மாதங்களில் சாயங்காலம் நாலு மணிக்கு அப்பத்தா சொளகை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போவது இன்னும் கண்ணில் நிற்கிறது. எனக்கு மொட்டுப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். ஒரே கொத்தில் மூன்று மொட்டு இருக்கும். நடுவில் இருப்பது பருத்து, பால் வெள்ளையாக, காம்பு நீண்டு நிற்கும். பக்கத்தில் இருக்கும் இரண்டிலும் நுனியில் லேசாகப் பச்சை ஓடியிருக்கும். "வெள்ளை இன்னைக்கு, பச்சை நாளைக்கு" என்பார். கட்டைவிரல் நகத்தைக் காம்பில் வைத்து ஒரு திருகு, மற்ற இரண்டும் அசையக்கூட அசையாது. நான் அவசரத்தில் கொத்தோடு கிள்ளிவிட்டால் திட்டமாட்டார். அந்தப் பச்சை மொட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டு அடுத்த செடிக்குப் போய்விடுவார். ஈரத் துணியில் மொட்டுகளைப் பரப்பி, நனைத்த வாழைநாரில் இரண்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கமாக வைத்துக் கட்டி முடிப்பதற்கும் விளக்கு வைப்பதற்கும் சரியாக இருக்கும். ஏழு மணிக்கு மேல் பட்டாலைக் கூடம் முழுக்க மணம் ஏறும்.

இதுதான் மல்லியின் விலை. அது தண்ணீரைவிட அதிகமாக உங்கள் சாயங்காலத்தைக் கேட்கும். ஒரு நாள் விட்டால் அன்றைய பூ அன்றைக்கே போயிற்று.

பறிக்கிற கைக்கு இன்னொரு வேலையும் உண்டு. தினமும் கை வைக்கிற செடியில்தான் நோய் சீக்கிரம் கண்ணில் படும். மொட்டில் ஓட்டை விழுந்து, இரண்டு மூன்று மொட்டுகள் நூலாம்படையால் ஒட்டிக்கொண்டிருந்தால் மொட்டுப்புழு. மொட்டு வளராமல் அடி வீங்கி ஊதா நிறமாகிக் காய்ந்தால் மொட்டு ஈ. இலைக்கடியில் சன்னமான வலையும் மேலே வெளிறிய புள்ளிகளும் இருந்தால் செஞ்சிலந்தி. ஆரம்பத்திலேயே கிள்ளி எடுத்து மண்ணில் புதைத்தால் கொல்லைச் செடிகளுக்கு மருந்தே வேண்டியதில்லை. ஆள் இல்லாத கொல்லையில் இந்தப் புழு ஒரு மாதத்தில் செடி முழுக்கப் பரவிவிடும்.

இளந்துளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச் சத்து எடுக்க முடியாமல் செடி திணறுகிறது என்று அர்த்தம். போர்த் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி (இரும்பு சல்ஃபேட்) கிடைக்கும். லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலை நனையத் தெளிக்கலாம். மாதம் ஒருமுறை, பச்சை திரும்பும் வரைக்கும். ஆத்தங்குடிக் கல்லில் மட்டும் சிந்திவிடாதீர்கள், துருக்கறை விழும்.

பிச்சி வைக்கலாமா, முல்லை வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டும் இந்தக் குடும்பம்தான். வெட்டும் காலம் மட்டும் மாறும்: பிச்சிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. ஆளைக் கேட்பதில் மூன்றும் ஒன்றுதான்.

செம்பருத்தி: காலையில் ஒரு நிமிடம் போதும்

மல்லிக்கு நேர் எதிர்ப் பக்கம் செம்பருத்தி. வாசனை இல்லை, தலையில் வைக்க முடியாது, காலையில் மலர்ந்து பொழுது சாய்வதற்குள் சுருண்டுவிடும். ஆனால் வருடம் முழுக்கப் பூக்கும். இது சின்ன விஷயமில்லை. கார்த்திகை தீபத்திலிருந்து இருபத்தோராவது நாள் எங்கள் வீடுகளில் பிள்ளையார் நோன்பு கும்பிடும்போது, மல்லிச் செடி மொட்டையடிபட்டுக் குச்சியாக நிற்கும். கடையில் மல்லி விலை ஏறிக்கொண்டே போகும் காலம் அது. அன்றைக்குச் சாமி வீட்டுக்குக் கை கொடுப்பது கொல்லைச் செம்பருத்திதான். காலையில் போய் நாலு பூவைக் கிள்ளி எடுத்து வந்தால் முடிந்தது, கட்ட வேண்டாம், நார் வேண்டாம்.

பூவோடு இலையும் பயன்படும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் ஒரு கை இலையைக் கல்லில் வைத்துத் தண்ணீர் விட்டு நசுக்கினால் வழுவழுவென்று நுரை வரும். அதற்கு மேல் ஷாம்பு எதற்கு?

எந்தச் செம்பருத்தி என்பதில்தான் ஏமாந்து போவோம். சில வருடம் முன்பு ஒரு நர்சரியில் மஞ்சளும் ஆரஞ்சுமாகச் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பூத்திருந்த மூன்று ஒட்டுச் செடிகளை ஆசையாக வாங்கி வந்தேன். வந்த இரண்டாம் வாரம் மொட்டெல்லாம் உதிர்ந்தது. இரண்டாம் மாதம் செடியே போயிற்று. பிடுங்கிப் பார்த்தால் வேர்ப்பந்து முழுக்கத் தேங்காய் நார்த்தூள். வெளியே செம்மண் ஈரமாக இருக்கிறது, உள்ளே நார்த்தூள் எலும்பாகக் காய்ந்து கிடக்கிறது. ஒருமுறை காய்ந்த நார்த்தூள் மறுபடி தண்ணீரை லேசில் உறிஞ்சாது. அப்படிப்பட்ட செடி வாங்கினால் நடுவதற்கு முன் வேர்ப்பந்தை அரை மணி நேரம் வாளித் தண்ணீரில் முக்கி வைத்து, நார்த்தூளை முடிந்தவரை உதிர்த்துவிட்டு நட வேண்டும். விற்றவர் இதில் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

அதே இடத்தில் பக்கத்து வீட்டுச் சிவப்பு ஒற்றைச் செம்பருத்தியிலிருந்து பென்சில் தடிமனில் ஒரு குச்சி வெட்டி ஐப்பசி ஈரத்தில் ஊன்றினேன். இன்றைக்கு அது என்னைவிட உயரம். காலையில் தேன்சிட்டு தலைகீழாகத் தொங்கிக்கொண்டு குடிக்கிறது.

செம்பருத்திக்குப் பகை இரண்டு. ஒன்று மாவுப்பூச்சி. நுனித் துளிரில் பஞ்சு ஒட்டியது போல வெள்ளையாக அப்பும், இலை சுருண்டு கோணலாகும். தண்டில் எறும்பு வரிசை ஏறினாலே சந்தேகப்படுங்கள். அந்தப் பூச்சி சுரக்கும் இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கும். பிடித்த நுனியை வெட்டி எடுத்துவிட்டு, வேப்பெண்ணெய் 5 மில்லியும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து அடித்தால் கட்டுக்குள் வரும். இரண்டாவது பகை வெள்ளாடு. மதில் சரிந்த கொல்லையில் செம்பருத்தி வைப்பது ஆட்டுக்குத் தழை போடுவதற்குச் சமம்.

தண்ணீர்க் கணக்கில் மல்லியும் செம்பருத்தியும் ஏறக்குறைய ஒன்றுதான். வெயில் காலத்தில் இரண்டு நாளைக்கு ஒரு குடம் நான் ஊற்றுகிறேன். ஆனால் பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் செம்பருத்தி மொட்டை உதிர்த்து இலையைத் தொங்கவிட்டாலும் இரண்டு குடத்தில் எழுந்துவிடுகிறது. மல்லியில் அந்தப் பருவத்துப் பூ போய்விடும்.

அரளியும் நந்தியாவட்டையும்: பூட்டிய வீட்டுக்கான உண்மையான போட்டி

வருடத்துக்கு இருபது நாள் திறக்கும் வீட்டுக்கு மல்லியையும் செம்பருத்தியையும் நான் சொல்லவே மாட்டேன். அங்கே போட்டி இந்த இரண்டுக்கும் நடுவில்தான். அரளியா, நந்தியாவட்டையா என்று என்னிடம் கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் ஏற்கெனவே அரளி என்று முடிவு செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். நெடுஞ்சாலை நடுவில் தண்ணீரே இல்லாமல் செக்கச்செவேலென்று பூத்து நிற்பதைப் பார்த்த தைரியம்.

அந்தத் தைரியம் தப்பில்லை. அரளியைப் போலக் காய்ச்சலைத் தாங்கும் பூச்செடி நம் பக்கம் குறைவு. குச்சியை ஒடித்து ஒரு பாட்டில் தண்ணீரில் போட்டு வைத்தாலே வேர் விடும். முதல் ஒரு வருடம் தண்ணீர் காட்டிவிட்டால் அப்புறம் மழையே போதும். ஆடு வாய் வைக்காது, மாடு வாய் வைக்காது. செவ்வரளி அம்மனுக்கு, வெள்ளரளி சிவனுக்கு என்று மாலைக்கும் ஆகும்.

ஆடு ஏன் வாய் வைக்கவில்லை என்பதைத்தான் நாம் யோசிக்க வேண்டும். அரளியில் வேர், பட்டை, இலை, பூ, பால் எல்லாமே விஷம். இதயத் துடிப்பைத் தடுமாற வைக்கும் விஷம். காய்ந்த இலையிலும் அது போகாது. வைக்கோலோடு கலந்துவிட்டால் மாட்டுக்கு ஆபத்து. வெட்டிய கிளையை எரித்தால் புகையும் ஆகாது. 2024 மே மாதம் கேரளத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு, நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவைச் சேர்க்க வேண்டாம் என்று முடிவெடுத்தது. மஞ்சளாகக் குழல் மாதிரிப் பூக்கும் பொன்னரளி வேறு செடி, அதன் கொட்டை இன்னும் மோசம். அதை வீட்டில் வைக்கவே வேண்டாம்.

நம் வீடுகளில் இன்னொரு சங்கதியும் உண்டு. கொல்லையில்தான் கிணறு இருக்கும். இலை உதிர்ந்து கிணற்றில் விழும் தூரத்தில் அரளி வைக்கக்கூடாது. அதோடு விடுமுறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் குழந்தைகளோடு வருகிறார்கள். சொப்புச் சாமான் வைத்து இலையையும் பூவையும் பறித்துச் சமைத்து விளையாடும் வயசு. வளர்ந்தவர்களுக்குச் சொல்லிவிடலாம், இரண்டு வயசுக்கு என்ன சொல்வது?

நந்தியாவட்டை இந்த இடத்தில்தான் முந்துகிறது. காய்ச்சலைத் தாங்குவதில் அரளிக்கு ஒரு படி கீழே. கடும் கோடையில் வாரம் ஒருமுறையாவது யாராவது ஒரு குடம் ஊற்ற வேண்டும். வாசல் பெருக்க வருகிறவரிடம் சொல்லி வைத்தால் நடந்துவிடும். ஆனால் அரளிக்கு இல்லாத ஒரு குணம் இதற்கு உண்டு: பாதி நிழலிலும் பூக்கும். செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிகிற நீள வீடு. பக்கவாட்டில் ஓடும் சந்தில் ஒரு வேளை வெயில்தான் விழும். அங்கே அரளி நெட்டையாக வளர்ந்து நுனியில் நாலு பூவோடு நிற்கும். நந்தியாவட்டை அதே சந்தில் குடை மாதிரிப் படர்ந்து வெள்ளைவெளேரென்று பூத்துக் கொட்டும். இரவில் லேசான மணமும் உண்டு, ஒற்றை நந்தியாவட்டையில் இன்னும் கொஞ்சம் கூடுதல். அடுக்கு நந்தியாவட்டை கண்ணுக்கு நிறைவு, பூஜைக்கு எண்ணிக்கை. எனக்கு ஐந்து இதழும் காற்றாடி போலத் திரும்பியிருக்கும் ஒற்றைதான் பிடிக்கும். இதற்கும் பால் உண்டு, வாயில் வைக்கக்கூடாது, கண்ணில் படக்கூடாது. ஆனாலும் அரளியோடு ஒப்பிடும் பயம் இல்லை.

இரண்டுக்கும் ஒரே விருந்தாளி வரும். மழை முடிந்த ஒரு நாள் என் நந்தியாவட்டையில் ஒரு கிளை மட்டும் இலையே இல்லாமல் காம்பாக நின்றது. கீழே தரையில் மிளகு மாதிரிக் கறுப்பு உருண்டைகள். மேலே தேடினால் ஒன்றும் தெரியவில்லை. கிளையை ஆட்டியதும் இலையென்று நான் நினைத்த ஒன்று தலையைச் சுருக்கிக்கொண்டது. விரல் நீளம், விரல் தடிமன், இலைப் பச்சை, தலைக்குப் பின்னால் இரண்டு நீலக் கண்கள். உண்மையான கண் இல்லை, பறவையைப் பயமுறுத்தும் பொட்டு. பெரிய பச்சை அந்துப்பூச்சியின் புழு அது. மருந்தெல்லாம் அடிக்க வேண்டாம். இரண்டு மூன்றுக்கு மேல் இருக்காது, குச்சியால் எடுத்து அப்புறப்படுத்தினால் போதும். எடுக்காவிட்டாலும் செடி சாகாது, அடுத்த மாதம் துளிர்த்துவிடும். பூட்டிய வீட்டில் இது ஒரு பெரிய நிம்மதி.

ஆகவே குழந்தை வராத, கிணறு தள்ளியிருக்கிற, முழு வெயில் அடிக்கிற கொல்லைக் கடைசி மதிலோரம் என்றால் அரளி. மற்ற எல்லாப் பூட்டிய வீட்டுக்கும் என் ஓட்டு நந்தியாவட்டைக்கு.

இட்லிப்பூவும் சுண்ணாம்பும்

இட்லிப்பூவுக்கு நம் செம்மண் தாய்வீடு மாதிரி. வெட்சி என்று பழைய பெயர். சங்க காலத்தில் ஆநிரை (மாட்டு மந்தை) கவரப் போனவர்கள் சூடிய பூ. புளிப்புத் தன்மையுள்ள சரளை மண்ணில் நன்றாக வரும், இரும்பு கேட்கும், நம் மண்ணில் இரும்புக்குப் பஞ்சமில்லை. அப்படியிருந்தும் ஊரில் பாதி வீட்டு இட்லிப்பூ மஞ்சளடித்து நிற்கிறது. எனக்கு இதன் காரணம் பிடிபட வெகு நாள் ஆயிற்று.

என் வீட்டில் இரண்டு செடி, ஒரே நாளில் வைத்தவை. மதிலோரம் இருந்தது கரும்பச்சையாக வளர, வீட்டுச் சுவரை ஒட்டியிருந்தது மட்டும் மஞ்சளாகவே இருந்தது. எரு வைத்தேன், அன்னபேதி அடித்தேன், ஒரு மாதம் பச்சை காட்டிவிட்டு மறுபடி மஞ்சள். ஒரு நாள் வேரடியில் கிளறினால் வெள்ளைக் கட்டிகள் வந்தன. பழைய காரை. வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய நம் சுண்ணாம்புச் சுவர்களுக்கு எத்தனையோ முறை மராமத்து நடந்திருக்கும், ஒவ்வொரு முறையும் உதிர்த்த காரை அங்கேயேதான் விழுந்து மண்ணோடு கலந்திருக்கிறது. ஒரு கட்டியின் மேல் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன், பொஸ்ஸென்று நுரைத்தது. சுண்ணாம்பு சேர்ந்தால் மண்ணின் புளிப்பு முறிந்துவிடும். இரும்பு மண்ணில் இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. போர்த் தண்ணீரும் அதே வேலையைத்தான் செய்கிறது.

செடியைப் பெயர்த்துச் சுவரிலிருந்து எட்டடி தள்ளி வைத்தேன். மழைத் தண்ணீருக்கும் வழி செய்தேன். வீட்டு நடுமுற்றமான வளவில் கிடாரம் என்கிற பெரிய பாத்திரம் வைத்து மழை பிடிப்பது நம் வீடுகளில் புதிதில்லை, அந்தத் தண்ணீரில் ஒரு பங்கை இட்லிப்பூவுக்கு ஒதுக்கினேன். ஒரு வருடத்தில் மஞ்சள் போயிற்று. மெதுவாக வளரும் செடி, அவசரப்படுகிறவர்களுக்கு ஆகாது. வேலியாக வைத்தால் வருடத்துக்கு ஒருமுறை கத்தரித்தால் போதும். வாரம் இரண்டு முறை தண்ணீர் காட்ட ஆள் இருந்தால், மல்லிக்கும் நந்தியாவட்டைக்கும் நடுவில் ஒரு நல்ல சமரசம் இது. பூவின் காம்பை உருவி நுனியில் இருக்கும் தேனைச் சப்பாத குழந்தை எங்கள் தெருவில் இல்லை.

இன்னும் சில

காகிதப்பூவைப் பலர் சொல்வார்கள். தண்ணீர் குறைந்தால்தான் அது அதிகம் பூக்கும், பூட்டிய வீட்டுக்கு அது பொருத்தம்தான். ஆனால் சாமிக்கும் வைப்பதில்லை, தலைக்கும் வைப்பதில்லை, முள் வேறு. முகப்பு அழகுக்கு வேண்டுமானால் சரி. கனகாம்பரம் எனக்குப் பிடிக்கும். பாதி நிழல் போதும், வாசனை இல்லாவிட்டாலும் மல்லியோடு சேர்த்துக் கட்டினால் நிறம் எடுக்கும். நூற்புழு தாக்கினால் செடி தேறாது, இடத்தை மாற்றித்தான் வைக்க வேண்டும். பவழமல்லி மரமாகிவிடும், அதற்கு இடம் வேண்டும். இடமிருந்தால் யோசிக்கவே வேண்டாம், விடிகாலையில் தானாக உதிர்ந்து கிடக்கும் பூவைப் பொறுக்கினால் போதும்.

எப்போது நடுவது

இங்கேதான் விடுமுறைக்கு வருகிறவர்கள் அத்தனை பேரும் தவறுகிறார்கள். வருவது சித்திரையில், ஆசை வருவது சித்திரையில், அதனால் நடுவதும் சித்திரையில். கத்திரி வெயிலில் புதுச் செடியை வைத்துவிட்டு, வைகாசியில் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனால் எந்தச் செடிதான் பிழைக்கும்? அரளிகூடப் பிழைக்காது. சித்திரையில் குழியை மட்டும் தோண்டிப் போடுங்கள். வெயில் உள்ளே இறங்கட்டும். புரட்டாசிக் கடைசியிலோ தீபாவளிக்கு வரும்போதோ எருவும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி நட்டால் மூன்று மாதத்துக்கு மழையே பார்த்துக்கொள்ளும். நட்ட செடியைச் சுற்றி முள் போட மறக்க வேண்டாம். ஆட்டுக்குச் சரி, இப்போது மயில் வேறு வந்து புது மண்ணைச் சீய்த்துவிடுகிறது.

தங்கச்சியிடம் இதையெல்லாம் சொன்னேன். அவள் குழந்தைக்கு மூன்று வயசு, கிணறு கொல்லையின் நட்ட நடுவில். அரளி வேண்டாமென்று அவளே சொல்லிவிட்டாள். சித்திரையில் மூன்று குழி எடுத்தோம். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னதாக வந்து, சந்தில் இரண்டு ஒற்றை நந்தியாவட்டையும், மதிலோரம் காரை இல்லாத இடமாகப் பார்த்து ஒரு இட்லிப்பூவும் வைத்தாள். வாசல் பெருக்க வருகிற அக்கா வாரத்துக்கு இரண்டு நாள் தண்ணீர் ஊற்றுகிறார், மாதம் ஒரு படம் எடுத்து அவளுக்கு அனுப்புகிறார்.

இந்தச் சித்திரையில் அவள் வந்தபோது நந்தியாவட்டை இடுப்பு உயரம் வந்திருந்தது. காலையில் ஒரு தட்டு நிறையப் பறித்துச் சாமி வீட்டில் வைத்தாள். சாயங்காலம் என் கொல்லைக்கு வந்து, சொளகில் மல்லி மொட்டைப் பார்த்ததும் சொன்னாள்: "கிணத்தடியில நாலடிக்கு ஒரு இடம் விட்டு வச்சிருக்கேன் ஆச்சி. அவருக்கு ரிட்டயர் ஆக இன்னும் ஆறு வருஷம். வந்ததும் அங்கே மல்லிதான்."

"பதியன் நான் போட்டுத் தர்றேன், ஆத்தா" என்றேன். பேசிக்கொண்டே கொத்தோடு ஒன்றைக் கிள்ளிவிட்டாள். பச்சை ஓடிய இரண்டு மொட்டையும் எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன்.